இரண்டு கம்பம்

முபீனா எதையும் அவசரமாகத் தட்டமாட்டாள். உத்தமபாளையத்து ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தபோதே, கம்ப்யூட்டர் காட்டும் பிழைச்செய்தியை மூடிவிடாமல் கடைசி எழுத்துவரை வாசிப்பாள். அப்படி வாசித்தே வெப்சைட் வேலை பழகினாள். கம்பத்தில் திராட்சைக் கமிஷன் கடை வைத்திருக்கும் ஈஸ்வரபாண்டியின் சைட்டை இப்போது அவள்தான் பார்த்துக்கொள்கிறாள்.

தோட்டத்தில் எடுக்கும் வீடியோ அன்றன்று தேதியோடு அந்த சைட்டில் ஏறும். அதைப் பார்த்துத்தான் கோட்டயத்து வியாபாரி விலை சொல்வார். வாட்ஸ்அப்பில் வருவதை அவர் நம்புவதில்லை. பழைய வீடியோவை நம்பி ஒருமுறை ஏமாந்தவர்.

அன்று காலை வீடியோ இருக்கவேண்டிய இடம் கறுப்பாக நின்றது. விலை முடியாமல் பழம் வெட்ட முடியாது. மேகமலைப் பக்கம் கருமேகம் திரண்டிருந்தது. மழை விழுந்தால் பழுத்த பழம் வெடித்துவிடும்.

தோட்டக்காரி நாகஜோதி கமிஷன் கடைக்கே வந்துவிட்டாள். “வானத்தப் பாத்தியா? ஆளுகளப் பந்தலுக்குக் கீழ உக்கார வச்சிட்டு வந்திருக்கேன்.”

“செத்த பொறுங்கக்கா.”

“நீ பொறுப்ப. மழை பொறுக்குமா?”

வீடியோக்கள் வேறொரு சர்வரில் இருந்தன. எந்த சைட் கேட்டால் தரலாம் என்று அதில் முபீனா எழுதிவைத்திருந்தாள்.

“எல்லாருக்கும் தெறந்து விட்டுருத்தா. சைட் பேரு இருக்க எடத்துல ஒரு ஸ்டார் போட்டாப் போதும்னு சொல்றாக,” என்றார் ஈஸ்வரபாண்டி.

“போட்டா, நம்ம வீடியோவ இன்னொரு கடைக்காரரு அவுக சைட்டுல ஓட்டுவாக. அப்பறம் என்னயத்தான் ஏசுவீக.”

பிழைச்செய்தியை மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். தடுக்கப்பட்ட முகவரியில் ஊர்ப்பெயர் ஆங்கில ‘கே’யில் தொடங்கியது. அவள் அனுமதித்திருந்தது ‘சி’யில் தொடங்கும் கம்பத்தை.

“அண்ணே, சைட் பேர மாத்துனீகளா?”

“நேத்து. லாரியில பேரெழுதுனவரு கே போட்டுட்டாரு. அதுக்குத் தக்கன, சைட் பேரு விக்கிறவருட்டயே சொல்லி சைட்டையும் மாத்திட்டேன். ரெண்டும் கம்பந்தான?”

“நமக்குத்தேன். சர்வருக்கு அது வேற ஊரு.”

நாகஜோதி தலையில் அடித்துக்கொண்டாள். “லாரிக்காக சைட்ட மாத்துன ஆளு நீங்க ஒருத்தருதேன்!”

முபீனா புதுப் பெயரைச் சேர்த்தாள். திரை அப்போதும் கறுப்பு. நாகஜோதியின் போன் அடித்தது. “தூறுதாம்,” என்றாள்.

சர்வருக்கும் சைட்டுக்கும் இடையில் எங்கோ, ‘தரக்கூடாது’ என்ற பழைய பதில் தங்கியிருக்கவேண்டும். முபீனா அதைத் தேடி அழித்தாள். வீடியோ ஓடியது, கோட்டயத்திலிருந்து போன் வந்தது.

“கண்டு. கொள்ளாம். வெட்டிக்கோ.” பழம் பிடித்துப்போய் வியாபாரி விலையும் சொல்லிவிட்டார்.

நாகஜோதி வாசலில் இறங்கும்போதே போனில் கத்தினாள்: “வெட்டுங்கடி!”

மழை வலுப்பதற்குள் முக்கால் தோட்டம் பெட்டிக்குள் வந்துவிட்டது. மீதி பந்தலிலேயே வெடித்தது. நாகஜோதி அதை வீடியோ எடுத்து ஈஸ்வரபாண்டிக்கு மட்டும் அனுப்பினாள்.