செவிலித்தாய் மிஸ்னா சொன்ன கணக்கு

மிஸ்னா பிறந்த வருடத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. அவள் அமீரின் கோட்டைக்குள் வந்த நாள் மட்டும் சரியாகத் தெரியும்: ஹிஜ்ரி 1352, ரஜப் மாதம் பதினேழு. அன்று விடியலில் அமீரின் இரண்டாம் மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாய்க்குப் பால் சுரக்கவில்லை. பேரீச்சந்தோப்பில் தண்ணீர் இறைப்பவனின் மனைவியான மிஸ்னா, தன் முதல் பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்து அப்போது ஆறு நாள். பால் கட்டிக் காய்ச்சலில் கிடந்தவளை ஒட்டகத்தில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள்.

அந்தக் குழந்தைதான் இளவரசி தர்ஃபா. இரண்டு வருடம் மிஸ்னாவிடம் பால் குடித்தாள். மிஸ்னாவுக்கு அதன்பின் வேறு பிள்ளை தங்கவில்லை. கணவனும் போய்ச் சேர்ந்தபின் கோட்டையிலேயே இருந்துவிட்டாள். தர்ஃபா அவளை உம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

1370 ஷவ்வாலில் தர்ஃபாவை வடக்குக் கோட்டை மிஷாரிக்குப் பேசி முடித்தார்கள். மிஷாரி அவளுடைய பெரியப்பா மகன். அந்தக் குடியில் அவன்தான் முறை மாப்பிள்ளை. அவனைப் பற்றிக் குறையாக யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் தர்ஃபாவின் அக்கா நுவைர் நான்கு வருடம் முன்பு அதே வீட்டுக்குத்தான், மிஷாரியின் அண்ணனுக்கு, வாழ்க்கைப்பட்டுப் போனாள். ஒரு பெருநாளுக்குக்கூட அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பவில்லை. பிரசவத்தில் இறந்தாள். அடக்கம் முடிந்து நாற்பத்தொரு நாள் கழித்துத்தான் இங்கே செய்தி வந்தது.

நிக்காஹ்வுக்குப் பதினோரு நாள் இருக்கும்போது, மிஸ்னா தலைவாரிவிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் தர்ஃபா மெதுவாகக் கேட்டாள்.

“உம்மா, மிஷாரிக்கு நீ பால் குடுத்திருக்கியாமே?”

“உனக்கு யாரு சொன்னா?”

“நீதான். குளிர்காலத்துல அடுப்புகிட்ட உக்காந்து பெருமையடிச்சியே.”

உண்மைதான். 1352 ஹஜ்ஜுப் பெருநாளுக்கு விருந்தாக வந்த மிஷாரியின் தாய் காய்ச்சலில் விழுந்தாள். கைக்குழந்தையின் அழுகை பொறுக்காமல் மிஸ்னா மடியில் எடுத்துக்கொண்டாள்.

“எத்தனை தடவ?”

“நாலு.”

சீப்பு அப்படியே நின்றது. தர்ஃபா எதற்காகக் கேட்கிறாள் என்பது அப்போதுதான் மிஸ்னாவுக்கு உறைத்தது. ஐந்து முறை வயிறார ஒருத்தியிடம் குடித்தவன் அவளுக்கு மகன். அவளிடம் குடித்த மற்றவர்களுக்கு உடன்பிறப்பு. உடன்பிறப்புகளுக்குள் நிக்காஹ் இல்லை. நான்கு முறை குடித்தவன் அந்நியன்.

“அஞ்சுன்னு சொல்லிடு உம்மா.”

“அல்லாஹ் பேரால சத்தியம் கேப்பாங்கடி.”

“கேப்பாங்க.”

“பொய்னு தெரிஞ்சா உங்க வாப்பா என் நாக்க அறுத்து நாய்க்குப் போட்டுடுவாரு.”

“நாய் மோந்து பாத்துட்டுப் போயிடும். அவ்வளவு கசப்பு உன் நாக்கு.” சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. “நுவைரைக் குளிப்பாட்டிக் கபன் துணி கட்டினது யாருன்னுகூட நமக்குத் தெரியாது உம்மா.”

மூன்று நாள் மிஸ்னாவுக்குச் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் காஜிக்குச் சொல்லி அனுப்பினாள்.

மாலை அஸர் தொழுகைக்குப்பின் கோட்டைக் கூடத்தில் திரை கட்டினார்கள். அந்தப் பக்கம் காஜியும் அமீரும். இந்தப் பக்கம் மிஸ்னா, அவளுக்கு ஒரு முழம் தள்ளி மிஷாரியின் தாய்.

“பதினெட்டு வருஷமா வாயில என்ன, பேரீச்சங்கொட்டையா வச்சிருந்த?” என்றார் காஜி.

“யாரும் கேக்கல ஷேக்.”

“இப்பவும் யாரும் கேக்கலையே.”

“இப்ப நிக்காஹ் வருது. சொல்லாம விட்டா பாவம் என் கழுத்துலதானே ஏறும்.”

“எத்தனை முறை?”

திரைக்குக் கீழே அமீரின் செருப்பு நுனி தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, “அஞ்சு” என்றாள்.

“ஒவ்வொண்ணா சொல்லு.”

முதல் நாள் மதியம் லுஹருக்குப் பின் ஒன்று, பொழுது சாய்ந்து மக்ரிபுக்குப் பின் ஒன்று, மறுநாள் விடியலில் ஒன்று, வெயில் ஏறியபின் ஒன்று. நான்கும் தடங்கலில்லாமல் வந்தன.

“அஸருக்குப் பெறகு ஒண்ணு. அவனே விட்டுட்டுத் தூங்கிட்டான்.”

அந்த அஸரில் நடந்தது வேறு. குழந்தையை மடியில் வைத்தாள், அவ்வளவுதான். அதற்குள் காய்ச்சல் தணிந்த தாய் வந்து, இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாள். அந்தத் தாய்தான் இப்போது ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க என்ன சொல்றீங்க?” என்று காஜி அவளைக் கேட்டார்.

மிஸ்னா செருப்பு நுனியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“காய்ச்சல்ல கண்ணே தெறக்கல நான். எனக்கென்ன தெரியும்” என்றாள் மிஷாரியின் தாய். மறந்துதான் சொன்னாளா, இன்னொரு பெண் பிள்ளை அந்த வீட்டுக்கு வரவேண்டாம் என்று சொன்னாளா, மிஸ்னாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

பால் விஷயத்தில் ஒரு பெண்ணின் சத்தியம் போதும். மிஸ்னா சத்தியம் செய்தாள். நிக்காஹ் நின்றது. இரண்டு வருடம் கழித்து தர்ஃபாவை உள்ளூரிலேயே, ஆறு தெரு தள்ளிக் கட்டிக்கொடுத்தார்கள். மிஸ்னாவும் கூடப் போனாள்.

மிஸ்னா எதிர்பாராதது வேறொன்று. காஜி தீர்ப்புச் சொன்ன அடுத்த வெள்ளிக்கிழமையே மிஷாரி வந்து அவள் தலையில் முத்தமிட்டான். “எனக்கு இன்னொரு உம்மா இருக்கறது இத்தன நாளு தெரியாமப் போச்சே” என்றான். அதன்பின் மாதம் தவறவில்லை. காப்பிக்கொட்டை, ஏலக்காய், குளிருக்குக் கம்பளி எல்லாம் வந்தன. அண்ணன்தானே என்று தர்ஃபா அவன் முன்னால் முகம் மூடாமல் உட்கார்ந்து பேச வேண்டியதாயிற்று. அவன் வரும் வண்டிச் சத்தம் கேட்டாலே மிஸ்னா அடுப்படிக்குள் போய்விடுவாள்.

1376 துல்கஅதா மூன்றாம் நாள் அவன் லாரியோடு வந்து நின்றான்.

“ஏறுங்க உம்மா. ஹஜ்ஜுக்குப் போறோம்.”

கூட வரக் கணவனோ, ரத்த உறவோ பால் உறவோ உள்ள ஆணோ இல்லாமல் ஒரு பெண் அந்தப் பயணம் போகக் கூடாது.

“எனக்கு ஏதுப்பா அந்தக் கொடுப்பினை?” என்றாள் மிஸ்னா.

“மகன்னு நான் ஒருத்தன் இருக்கேன்ல?”

தர்ஃபா வாசலில் நின்றாள். ஐந்தாவது முறை பொய் என்று அந்த வீட்டில் இருவருக்குத்தான் தெரியும்.

அந்தப் பொய்யை அல்லாஹ்வின் வீடு வரைக்கும் தூக்கிக்கொண்டு போவதா என்று மிஸ்னா தயங்கினாள்.

“முட்டி வலிப்பா. நடக்க முடியல. அடுத்த வருஷம் பாப்போம்.”

“வலியா? எந்தக் கால்ல?” என்று கேட்டபடியே அவன் தரையில் உட்கார்ந்தான். பெற்ற பிள்ளை செய்வதுபோல அவள் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். அவள் இழுக்கப் பார்த்தாள். கால் வெடவெடவென்று ஆடியது.

“பாவம், இப்படி நடுங்குதே” என்று சொல்லி, மிஷாரி அதை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டான்.