கேட்டை ஆட்டிவிட்டு நிற்கிறவள்

எந்த வீட்டுக்குப் போனாலும் சித்தி கேட்டை உடனே திறக்கமாட்டாள். முதலில் தாழ்ப்பாளை இரண்டு முறை ஆட்டுவாள். தோள்பையை இறக்கி முழங்காலுக்கு முன்னால் பிடித்துக்கொள்வாள். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுவாள். உள்ளே எதுவும் அசையவில்லை என்று தெரிந்த பிறகுதான் கை தாழ்ப்பாளை நீக்கும். எங்கள் வீட்டுக்கு வரும்போதும் அப்படித்தான். நாங்கள் ஒரு கோழிகூட வளர்த்ததில்லை.

"உள்ள மனுஷங்கதான் இருக்கோம், வாடி" என்று அம்மா குரல் கொடுப்பாள்.

"உன்னைத்தான் முதல்ல நம்பக்கூடாதுக்கா" என்றபடி சித்தி வருவாள்.

சித்திக்குத் தண்ணீர் மீட்டர் அளவெடுக்கும் வேலை. இருபத்திரண்டு வருடமாகத் தெருத்தெருவாகப் போகிறாள். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் ஒரு வீட்டில் பழுப்பு நாய் ஒன்று அவள் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. அலுவலக விதிப்படி புகார் எழுதிக் கொடுத்தாள். நாயைக் காப்பகத்துக்குக் கொண்டுபோய்ப் பத்து நாள் தனிக் கூண்டில் வைத்துப் பார்த்தார்கள். பத்தாம் நாள் இவளைக் கூப்பிட்டு, நாய்க்கு நோய் இல்லை என்ற தாளில் கையெழுத்து வாங்கினார்கள். வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்களா என்று கேட்டிருக்கிறாள். கூட்டிப்போக யாரும் வரவில்லை, கூண்டும் போதவில்லை, ஊசி போட்டாயிற்று என்றார்களாம்.

"நல்லா இருக்குன்னு நான் கையெழுத்துப் போடறேன், அது அதுக்கு முன்னாடியே செத்துக் கிடக்குது" என்பாள். அதற்கு மேல் அந்தப் பேச்சை நீட்டமாட்டாள்.

அதன் பிறகுதான் இந்த வேலையில் இறங்கினாள். ஊசிக்கு நாள் குறித்த நாய்களுக்கு வெளியூர்களில் வீடு தேடுவது. யார் எந்த ஊருக்குப் போகிறார்கள், எவருடைய வண்டியில் கூண்டு வைக்க இடமிருக்கிறது, எந்த வீட்டில் உயரமான சுற்றுச்சுவர் என்று விசாரித்து எல்லாவற்றையும் கோத்துவிடுவது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சமையலறைத் தரையில் கால்நீட்டி உட்கார்ந்து, போனை ஸ்பீக்கரில் போட்டு, நீள நோட்டை மடியில் வைத்துக்கொண்டு செய்வாள். நூற்றுக்கும் மேல் அனுப்பிவிட்டாள். ஒன்றைக்கூடக் கையால் தொட்டதில்லை. "மாப்பிள்ளை முகத்தையே பார்க்காம கல்யாணம் முடிக்கிற தரகர்" என்று ஓட்டுநர்கள் கேலி செய்வார்கள்.

அவளிடம் ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. வண்டி கிளம்பியதும் ஓட்டுகிறவர் போனை அணைத்துவிட வேண்டும். முன்பு ஒருவர் இவளோடு பேசிக்கொண்டே போய்ப் பாலச் சுவரில் வண்டியை உரசிவிட்டார். அன்று வந்த கண்டிப்பு அது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். படித்த படிப்பை எங்காவது காட்டிவிட வேண்டும் என்ற அரிப்பு எனக்கு இருந்தது. சித்தியின் நோட்டைக் கணினியில் ஏற்றித் தருகிறேன் என்று நானாகத்தான் போய் நின்றேன். நாயின் எண், கூண்டு, போகவேண்டிய ஊர் எல்லாம் வரிசையாகப் போட்டேன். இன்னும் அனுப்பக்கூடாத நாய்களுக்கு நேரே ஊர் காலியாக இருந்தது. பிறகு ஊர்ப் பெயர்களை அகரவரிசைப்படுத்தினேன். ஊர்ப் பெயர்கள் மட்டும் இடம் மாறின. எண்கள் நின்ற இடத்திலேயே நின்றன. அதைக் கவனிக்காமல் பட்டியலைக் காப்பகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

அந்த ஞாயிறு காலை பத்தேகாலுக்குக் காப்பகத்துக் காவலர் கூப்பிட்டார். முந்தின நாள் விடுப்பில் போனவர் அப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருந்தார்.

"ஏழாம் கூண்டு காலியா கிடக்குதுக்கா. முப்பத்தெட்டு எங்க?"

முப்பத்தெட்டு, பால் போடுகிறவரைக் கடித்ததற்காகத் தனியே வைக்கப்பட்டிருந்த நாய். அன்று நான்காம் நாள். வெறிநோய் இருக்கிறதா இல்லையா என்று இன்னும் ஆறு நாள் போனால்தான் தெரியும்.

"பட்டியல்ல ஊர் போட்டிருந்துச்சாமே. புது ஆளு அதைப் பார்த்து ஏத்தி விட்டுட்டாரு. வண்டி ஒன்பதுக்கே போயிடுச்சு."

சித்தி என்னைப் பார்த்தாள். நான் கணினியைப் பார்த்தேன். முப்பத்திரண்டுக்கு நேரே இருக்க வேண்டிய ஊர் முப்பத்தெட்டுக்கு நேரே இருந்தது.

வண்டியை ஓட்டிப்போனவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். ஹாரனே அடிக்காமல் ஓட்டுகிறவர் என்பதால் அவருக்கு ஹாரன் அண்ணன் என்று பெயர். சித்தி அவரை அழைத்தாள். போன் அணைந்திருந்தது. மறுபடி அழைத்தாள். அவள் போட்ட விதியை அவர் ஒழுங்காகக் கடைப்பிடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்து நாய் போய்ச் சேரவேண்டிய தையற்காரம்மாவின் வீட்டுக்கு அழைத்தாள். அவருடைய நான்கு வயது மகள் எடுத்தாள்.

"நாய் மாமாவா?"

"சித்தி பேசறேன் கண்ணு. அம்மா எங்க?"

"மாடியில துணி காயப்போடுறாங்க. நான் கேட்டைத் திறந்து வச்சிட்டேன். நாய் நேரா எங்கிட்ட வந்துரும்ல?"

சித்தியின் நகங்கள் என் மணிக்கட்டில் இறங்கின. குரல் மட்டும் தேன் மாதிரி இருந்தது. "சமத்து. இப்ப போய் கேட்டைச் சாத்திட்டு அம்மாவைக் கூட்டிட்டு வருவியாம். ஓடு."

காலடிச் சத்தம் தேய்ந்தது. கேட் கிறீச்சிட்டது. பிறகு எவ்வளவு நேரம் ஒன்றும் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. ஒருவழியாகத் தையற்காரம்மா வந்தார்.

"கேட்டைப் பூட்டிச் சாவியக் கையில வச்சுக்கங்க. வண்டி வந்தா நாயை இறக்க வேணாம்னு மாடியிலேருந்தே சொல்லிடுங்க" என்று சித்தி ஒரே மூச்சில் சொன்னாள்.

பாதி வழியில் ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது. ஹாரன் அண்ணன் அங்கே நிறுத்திக் கூண்டைத் திறந்து நாய்க்குத் தண்ணீர் வைப்பார். அநேகமாக அவர் போய்ச் சேரும் நேரம்தான்.

"பங்க்ல காத்தடிக்கிறவர் நம்பரைச் சொல்லுடி."

"அது... கணினியில ஏத்தும்போது எதுக்குன்னு விட்டுட்டேன் சித்தி."

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. "நோட்டு எங்க?" என்றாள். பழைய பேப்பர் கட்டுக்கு அடியில் போட்டிருந்தேன். கட்டைப் பிரித்துக் கொட்டி எடுத்துக் கொடுத்தேன். முதல் தடவை அவள் அழுத்தியது தப்பான எண்.

"யாரு, நம்ம அண்ணன் வண்டியா?" என்றார் காற்றடிக்கிறவர். "தோ நிக்குதே. பின்கதவத் திறந்துட்டு நிக்கிறாரு."

"கூண்டத் திறக்க விடாதீங்க! ஓடிப்போய்க் கையப் பிடிங்க!"

ஓடும் சத்தம் கேட்டது. யாரோ கத்தினார்கள். ஒரே ஒரு குரைப்பு. அப்புறம் லாரிகள் போகிற இரைச்சல் மட்டும். சித்தி கண்ணை மூடிக்கொண்டாள். உதடு அசைந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

"என்ன தங்கச்சி, பங்க்கே கூடி என் பேரைச் சொல்லிக் கத்துது?" ஹாரன் அண்ணன்தான்.

"அண்ணே, கையில ஒண்ணுமில்லையே?"

"கை தோள்லதான் தொங்குது. ஏன்?"

"விளையாடாதீங்க. கூண்டத் திறந்தீங்களா?"

"திறந்து தண்ணி வச்சு மூடியும் ஆச்சு. நல்ல பிள்ளை. கையெல்லாம் நக்கித் தள்ளிடுச்சு."

சித்தி விஷயத்தைச் சொன்னாள். நக்கின இடத்தில் காயம் உண்டா என்று கேட்டாள்.

"காலையில ஸ்பேனர் வழுக்கி விரலக் கிழிச்சிருச்சு" என்றார். அவர் குரலில் கேலி போயிருந்தது.

"சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் குழாய்ல கழுவுங்க. திரும்பி வந்துடுங்க, ஆஸ்பத்திரிக்கு நான் கூட வரேன். தப்பு என்னுது அண்ணே. பட்டியல நான்தான் குழப்பிட்டேன்."

நான் வாயைத் திறந்தேன். சித்தி உள்ளங்கையைக் காட்டி அடக்கினாள். எனக்காகச் செய்தாள் என்று இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அதற்கப்புறம் அவரை எத்தனையோ முறை பார்த்தும் ஏன் நான் உண்மையைச் சொல்லவில்லை? படித்த பெண் என்று அவர் என்னைக் கூப்பிடுவது எனக்குப் பிடித்திருந்தது. அதுதானா?

அன்று மாலையே அவருக்கு முதல் ஊசி போட்டார்கள். நாய் ஏழாம் கூண்டுக்குத் திரும்பியது. தினமும் விடிந்ததும் சித்தி காவலரைக் கூப்பிடுவாள். "சாப்பிட்டுச்சா? தண்ணி குடிச்சுதா?" ஏழாம் நாள் பாதிச் சோற்றை வைத்துவிட்டது என்றார். அன்று அவள் ஒரு மீட்டர்கூடப் பார்க்கவில்லை. யார் வீட்டு மதிலோரமோ வெயிலில் உட்கார்ந்திருந்தவளை நான்தான் போய்க் கூட்டிவந்தேன். "அந்த மனுஷனுக்கு ஏதாவது ஆச்சுன்னா?" என்று வழியெல்லாம் கேட்டாள். மறுநாள் காலை நாய் தட்டைச் சுத்தமாக நக்கிவிட்டது. வெயிலுக்குத்தான் சாப்பிடாமல் கிடந்திருக்கிறது.

பத்தாம் நாள், நோய் இல்லை என்று தாள் எழுதினார்கள். இந்த நாயையும் தேடி யாரும் வரவில்லை. சித்தி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் கொண்டுபோறேன்" என்றார் ஹாரன் அண்ணன். "ஆனா தரகர் வேலை எல்லாம் எங்கிட்ட வேணாம். நீங்களே கூண்டத் திறந்து, கழுத்தப் பிடிச்சு, என் கையில குடுக்கணும். அத்தனை ஊசி குத்திக்கிறவன் கேக்கிறேன்."

"சரிண்ணே" என்றாள்.

கூண்டின் தாழ்ப்பாளை இரண்டு முறை ஆட்டினாள். பையை முழங்காலுக்கு முன்னால் வைத்துக்கொண்டாள். ஐந்து எண்ணினாள். பத்தும் எண்ணியிருப்பாள். நாய் வாலாட்டியபடி மூக்கைக் கம்பியில் வைத்துக் காத்திருந்தது. கை தாழ்ப்பாள்வரை போய்த் திரும்பிவந்தது.

"அடுத்த தடவை தரேன் அண்ணே."

அவர் சிரித்துக்கொண்டே தானே திறந்து கூட்டிப்போனார்.

அவர் வீடு சித்தி அளவெடுக்கும் தெருவில்தான் இருக்கிறது. மீட்டர் கேட்டுக்கு உள்ளே, நாய் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில். இந்த மாதமும் அவள் கேட்டை இரண்டு முறை ஆட்டிவிட்டு வெளியிலேயே நின்றிருக்கிறாள். அவரே குனிந்து எண்களைப் பார்த்திருக்கிறார்.

"பாக்கி அப்படியே நிக்குது தங்கச்சி."

"தெரியும்ணே. நம்பரைச் சொல்லுங்க."