மெஷின் இதயமும் ஒரு சீப்பு வாழைப்பழமும்

பட்டாசுக் கம்பெனியில் நான் போர்மேன். வாசலில் நின்று, உள்ளே போகிறவர்களின் சட்டைப்பையைத் தடவி, செல்போனோ பேட்டரியோ இருந்தால் பிடுங்கி வைப்பதுதான் என் வீரம். இப்போது என் உடம்பிலேயே இரண்டு பேட்டரி. இதயத்தின் இடப்பக்கம் படுத்துவிட்டதால் மதுரையில் நெஞ்சைத் திறந்து ஒரு பம்பு வைத்தார்கள். அதன் வயர் வயிற்றைத் துளைத்து வெளியே வந்து, தோளில் தொங்கும் பேட்டரிப் பையில் முடிகிறது. இனி கம்பெனி வாசலுக்குப் போனால் என்னை நானே பிடித்து வெளியே தள்ள வேண்டும்.

மாற்று இதயம் கிடைக்கிறவரை இந்தப் பம்புதான். வைத்த புதிதில் என்னைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டவை என் கிட்னிகள். சோர்ந்த இதயம் ரத்தம் அனுப்பாமல் பட்டினி போட்டிருந்தது. பம்பு வந்ததும் விருந்து. கிட்னி வடிகட்ட வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் மளமளவென்று இறங்கியது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் என் சிறுநீரின் பெருமையை விரிவாகச் சொன்னேன். ஆமத்தூரில் என் வீட்டுக்கு ஆள்வரத்து குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பிறகு கிரியாட்டினின் ஏற ஆரம்பித்தது.

"பம்பு இடப்பக்கத்துக்கு மட்டும்தான். அது அனுப்புற ரத்தம் முழுக்கத் திரும்பி வலப்பக்கத்துக்குத்தான் வரும். அந்தப் பக்கம் திணறுது. ரத்தம் பின்னால தேங்கி, கிட்னி நெரிபடுது" என்றார் மதுரை டாக்டர். பட்டாசுக்கு அடுத்தபடி அச்சடிக்கும் பிரஸ் வேலை தெரிந்த ஊர்க்காரனுக்கு இது புரியாதா? ஒரு பக்கம் புது மெஷின், மறுபக்கம் தாத்தா காலத்து மெஷின். தாள் எங்கே குவியும் என்று கேட்கவே வேண்டாம். "முதல்ல இறங்கினதையும் அப்படியே நம்ப வேண்டாம். அது சதையிலருந்து வர்ற கழிவு. உங்க உடம்புல சதையே இல்ல, அதனாலயும் கம்மியா காட்டியிருக்கும்" என்று என் பழைய பெருமையையும் பிடுங்கிக்கொண்டார். கிட்னி தேறினால் எனக்கு இதயம் மட்டும் போதும். தேறாவிட்டால் இரண்டும் சேர்ந்து கிடைக்க வேண்டும். ஒன்றுக்கே காத்துக் கிடக்கிறவன் நான்.

அடுத்த பரிசோதனை வரை உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தேன். "ஒரு எடத்துல இருங்களேன், எனக்குத் தலை சுத்துது" என்றாள் மனைவி. நீர் கோத்திருக்கிறதா என்று கணுக்காலை அழுத்திப் பார்ப்பேன். குழி விழுந்தால் பயம். விழாவிட்டால் சரியாக அழுத்தவில்லையோ என்று சந்தேகம்.

அப்போதுதான் என்னோடு வேலை பார்த்த பெண்கள் தாயில்பட்டியிலிருந்து வந்தார்கள். முன்னால் வந்த அக்கா உள்ளே நுழையாமல், எங்கள் இரும்புக் கேட்டில் உள்ளங்கையைப் பதித்து நின்றாள். கம்பெனியில் வெடிமருந்து அறைக்குள் போகுமுன் உடம்பு மின்சாரத்தை இறக்க வாசல் செம்புத் தகட்டைத் தொடுவோமே, அந்தப் பழக்கம்.

"என்னக்கா, நான் என்ன மருந்து ரூமா?"

"நீருதான் பேட்டரியும் வயருமா நிக்கிறீரே. நாங்க தொட்டு நீரு வெடிச்சா, கம்பெனிக்குல்ல சீல் வைப்பாக!"

கொண்டுவந்த சீப்பு வாழைப்பழத்தையும் வெல்லத்தையும் மடியில் வைத்தார்கள். நாள் முழுக்க மருந்துத் தூசி தின்கிற எங்களுக்கு அதுதான் மருந்து. வயிற்றை வழித்துக்கொண்டு போகும் என்று நம்பிக்கை. "தின்னும்யா, உள்ள கெடக்குற அழுக்கெல்லாம் போயிரும்" என்றாள் அக்கா. கிட்னியும் அழுக்கு எடுக்கிற சாமான்தானே, அதற்கும் ஒரு கை உதவியாக இருக்கட்டும் என்று வேளைக்கொன்றாகத் தின்று தீர்த்தேன். மனைவியும் உரித்துக் கொடுத்தாள்.

பரிசோதனைக்கு விருதுநகர் லேபில் ரத்தம் கொடுத்தோம். என் மணிக்கட்டைப் பிடித்த பெண் முகம் வெளுத்து, "நாடியே இல்லையே சார்" என்றாள். பம்பு விடாமல் ஓட்டுவதால் எனக்குத் துடிப்பு தட்டாது. "உயிர் இருக்கும்போதே வந்துட்டேன்மா, சீக்கிரம் எடு" என்றேன். அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

முடிவைப் பார்த்து டாக்டர் போனிலேயே கத்தினார். பொட்டாசியம் எக்கச்சக்கம். "என்னய்யா சாப்பிட்டீங்க?" சொன்னேன். வாழைப்பழம் கிட்னியைக் கெடுக்கவில்லையாம். அசந்துபோன கிட்னியால் அதிலுள்ள பொட்டாசியத்தை வெளியே தள்ள முடியவில்லையாம். அது தேங்கினால் இதயத்தின் தாளமே தப்பிவிடுமாம். உடனே கிளம்பி வரச் சொன்னார்.

மதுரையில் பொட்டாசியத்தை இறக்கினார்கள். வலப்பக்கத்துக்குத் தெம்பாக ஒரு மருந்து, தேங்கிய நீர் வடிய ஒரு ஊசி. கிரியாட்டினின் ஏறவில்லை, இறங்கவும் இல்லை. "நீர் எவ்வளவு பிரியுதுன்னு வீட்டுல அளந்து சொல்லுங்க. அதை வச்சுத்தான் ஒரு உறுப்பா, ரெண்டான்னு முடிவு பண்ணணும்" என்று அனுப்பினார்கள்.

ஆகவே இப்போது குளியலறைக்குள் பிளாஸ்டிக் அளவுக் குவளையோடு நிற்கிறேன். கதவுக்கு வெளியே மனைவி.

"வருதா?"

"நீ நின்னா எப்படி வரும்?"

"சரி, நான் போறேன்."

காலடிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, கதவோடு வாயை ஒட்டி வைத்து, மெதுவாக:

"எம்புட்டு?"