குமுளி எல்லையில் இருபத்தொரு திருநீற்றுப் பொட்டலம்

போன ஆவணியில் குமுளியில் கொழுந்தனார் வீட்டுப் பால்காய்ச்சு. முகூர்த்தம் காலை பத்தரை. ஜெயமங்கலத்திலிருக்கும் குலதெய்வத்தின் திருநீறு வந்த பிறகே எங்கள் குடும்பத்தில் பால் பொங்க வேண்டும். கொண்டுபோகும் பொறுப்பு மூத்த மருமகளான எனக்கு.

நானும் நாத்தனார் பேச்சியும் தேனியில் ஏழு மணிக்குப் பேருந்து ஏறினோம். அறுபது கிலோமீட்டர், டிக்கெட் ஐம்பத்தைந்து ரூபாய். இடப்பக்கம் உட்காருங்கள். சின்னமனூர் தாண்டினால் மேகமலை கூடவே வரும். வெயிலும் அந்தப் பக்கம்தான், பொறுத்துக்கொள்ள வேண்டும். கம்பத்தை நெருங்கினால் திராட்சைப் பந்தல்கள்.

ஒன்பது இருபதுக்குக் குமுளியில் இறங்கி எல்லையை நடந்து கடந்தோம். சோதனைச் சாவடியில் ஒரு பெண் அதிகாரி என் பையைத் திறந்தார். உள்ளே சின்னச் சின்ன ஜிப் கவர்கள், ஒவ்வொன்றிலும் ஐந்து கிராம், மேலே ஒன்று முதல் இருபத்தொன்று வரை நம்பர். பங்காளி வீடுகளுக்குள் கூடக்குறைய என்று பேச்சு வரக்கூடாதே என்று தராசில் நிறுத்துப் போட்டிருந்தேன்.

"சேச்சி, இது எந்தா?"

"திருநீறும்மா."

"திருநீறுக்கு எதுக்கு நம்பர்?"

"வீட்டுக்கு ஒண்ணும்மா."

பேச்சி முணுமுணுத்தாள்: "ஒரே டப்பாவுல போடுங்க மதினின்னு அப்பவே சொன்னேன். கேட்டீகளா? இப்ப நம்மள கஞ்சாக்காரின்னு நினைக்கிறாக."

"கஞ்சா பச்சையா இருக்கும், பேசாம இரு."

அதிகாரி சிரிக்கவில்லை. கண்ணில் பட்ட ஏழாம் நம்பரைப் பிரித்து, ஒரு சிட்டிகையைத் திரவத்தில் கலக்கி, தெளிந்த துளியை விரல்நீளப் பட்டையில் விட்டார். பட்டையை உள்ளங்கையளவு கருவியில் செருகினார். அது மெல்லிய மின்சாரம் செலுத்தி, இணைத்திருந்த கைபேசித் திரையில் ஒரு கோடு வரையுமாம். போதைப்பொருள் இருந்தால் கோட்டில் அதற்கே உரிய இடத்தில் மேடு எழும்புமாம். மேடு வந்தால் ஆய்வகத்துக்கு அனுப்பி உறுதி செய்ய வேண்டும். அதுவரை பை அவர்களிடம்.

மணி ஒன்பது ஐம்பது. பால் அங்கே காத்திருக்கிறது. ஐயா, உன் சாம்பலுக்கு நீயே சாட்சி சொல் என்று வேண்டிக்கொண்டேன்.

இரண்டு நிமிடம். கைபேசித் திரையில் கோடு மேடில்லாமல் ஓடி முடிந்தது.

"ஒண்ணுமில்ல சேச்சி, போகாம்."

பிரித்த பொட்டலத்தை நீட்டினார். கொஞ்சம் தயங்கிவிட்டு, அவரே ஒரு விரல் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார். அப்போதுதான் சிரித்தார்.

ஆட்டோ எண்பது ரூபாய். பத்து இருபத்தைந்துக்கு வாசலில் நின்றோம். பால் பொங்கியது.

எல்லை தாண்டுவோருக்கு: பொடி எதுவானாலும் ஒரே டப்பாவில், பெயர் எழுதிக் கொண்டுபோங்கள். போன இடத்தில் பங்கு பிரிக்கலாம். கையில் ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் வேலையை அவர்கள் பார்க்கட்டும், கோபப்படாதீர்கள்.

ஏழாம் பொட்டலம் குறைந்துவிட்டதே என்றாள் பேச்சி. அதை நான் வைத்துக்கொண்டு, என் பங்கை அந்த வீட்டுக்குக் கொடுத்தேன். சோதித்துப் பார்த்த திருநீறு, தினமும் அதைத்தான் பூசுகிறேன்.