பலகையில் ஏற்றிய குரல்

கழுத்துக் கட்டியைப் பற்றி டாக்டர் சொன்னதில் பாதி என் காதில் விழவில்லை. கெட்ட கட்டி இல்லை, எடுத்துவிடலாம் என்றார். அதுவரை கேட்டேன். "ஆனா குரலுக்குப் போற நரம்பு அதுக்குப் பின்னாலதான் ஓடுது. பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. சில பேருக்குக் குரல் மாறலாம், போயிடவும் செய்யலாம். முன்னாடியே சொல்லிடணும் லா" என்றார். அதற்குப் பிறகு அவர் வாய் அசைவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பும் வழியில் பிரிக்பீல்ட்ஸில் காரை நிறுத்தி என் கணவர் தோசை வாங்கித் தந்தார். ஒவ்வொரு வாய் விழுங்கும்போதும் கழுத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டேன்.

நான் கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள். தொண்டையைத் தவிர என்னிடம் பெரிய திறமை எதுவும் கிடையாது. வகுப்பில் நான் அதட்டினால் கேண்டீனில் மீ கோரெங் நூடுல்ஸ் கிளறுகிற ஆன்டியின் கை நின்றுவிடும் என்று சக ஆசிரியர்கள் கேலி செய்வார்கள். எனக்கு அதில் பெருமைதான். எட்டு வயசுப் பிள்ளைகளைச் சைகை காட்டி அடக்க முடியுமா? குரல் போனால் வகுப்பும் போய்விடும். ஆபீசில் ஒரு மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள்.

எங்கள் வகுப்பில் தொடுதிரைப் பலகை ஒன்றை மாட்டியிருந்தார்கள். அதுவரை அதில் தேதியை எழுதிப் போடுவதோடு சரி. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்த பிறகுதான் அதோடு மல்லுக்கட்டினேன். படத்தைத் தொட்டால் குரல் வரும்படி பாடம் செய்யலாம் என்று தெரிந்தது. பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையின் படம் ஒன்றைப் போட்டு, அதில் காய்கறி, பழம், மீன் எல்லாம் வைத்தேன். தொட்டால் என் குரல் பெயரைச் சொல்லும், கேள்வி கேட்கும். பதில் சரி என்றால் பாராட்டும். தப்பென்றால் இன்னொரு தடவை பார்க்கச் சொல்லும். நான் விடுப்பில் இருக்கும்போது மாற்று ஆசிரியைக்கு உதவும் என்று தலைமையாசிரியரிடம் சொன்னேன். உண்மை அதுவல்ல. என் குரலை எங்கேயாவது பத்திரமாக வைத்துவிட வேண்டும் என்று தவித்தேன்.

எங்கள் வீட்டு முன்னால் துறைமுகத்துக்குப் போகிற லோரிகள் ஓயாது. அதனால் பள்ளி விட்டதும் காரைத் திடலோரம் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, ஏர்கோனை அணைத்துவிட்டுப் போனில் பதிவு செய்வேன். வேர்த்து ஊற்றும். முதலில் பதிந்ததைக் கணவரிடம் போட்டுக் காட்டினேன்.

"கத்திரிக்காய்னு சொல்றதுக்கு ஏன் இப்படி அழுவுற?" என்றார்.

"அப்ப நீங்களே வந்து சொல்லிக் குடுங்க, போங்க!" என்று கத்தினேன். கத்தி முடித்த கையோடு, இந்தக் கத்தலும் போய்விடுமே என்று கலங்கினேன். மறுநாள் மொத்தத்தையும் சிரித்த முகத்தோடு மறுபடி பதிந்தேன்.

பெயர்களை முடித்ததும் பயம் வேறு பக்கம் திரும்பியது. பிள்ளைகள் பாடத்தில் இருப்பதையா கேட்கிறார்கள்? மீன் எப்போது தூங்கும், கிளிக்கு மிளகாய் ஏன் உறைக்காது, உங்க வீட்ல யாரு டீச்சர் சமைப்பா என்றெல்லாம் வரும். கேட்கக்கூடியதற்கெல்லாம் ஒரு படம், ஒரு பதில் என்று சேர்த்துக்கொண்டே போனேன். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இணைப்புக் கொடுத்துக் கொடுத்து, எதைத் தொட்டால் எங்கே போகும் என்று எனக்கே பிடிபடாமல் போயிற்று. கடைசியில் மடிக்கணினி திணறி நின்றுவிட்டது. வேறு வழியில்லாமல் பாதியை அழித்தேன். ஒவ்வொன்றை அழிக்கும்போதும் ஒரு பதிலை யாருக்கோ சொல்லாமல் விட்டுப் போகிறேன் என்று தோன்றியது.

அறுவை நல்லபடியாக முடிந்தது என்றார்கள். சில நாள் தொண்டைக்கு ஓய்வு கொடுங்கள், பிறகு மெல்லப் பேசிப் பாருங்கள் என்றார் டாக்டர். அந்தச் சில நாள் கழிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் போனில் தட்டிக் காட்டினேன். கணவர் கெஞ்சிப் பார்த்தார், கோபித்தும் பார்த்தார். பேசாதவரை குரல் உள்ளே இருக்கிறது என்று நம்பிக்கொள்ளலாம். பேசிப் பார்த்து, இல்லை என்று ஆகிவிட்டால் பிறகு எதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது?

மாற்று ஆசிரியை ஒரு வீடியோ அனுப்பினாள். பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு பலகையைத் தொட, என் குரல் கணீரென்று வந்தது. செத்துப்போனவளைப் பேசவைத்துப் பாடம் நடத்துகிறார்கள் என்று தோன்றியது. முழுக்கப் பார்க்க முடியாமல் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

மறுநாள் பள்ளி ஓய்வு நேரத்தில் அவளே அழைத்தாள். எடுத்துக் காதில் வைத்தேன்.

"அக்கா, நீங்க பேச வேணாம், சும்மா கேளுங்க. பிள்ளைங்ககிட்ட உங்களுக்குக் காய்ச்சல்னுதான் சொல்லியிருக்கேன். ஒருத்தி மட்டும் உங்ககிட்டப் பேசணும்னு ஒரே அடம். சாப்பிடக்கூட மாட்டேங்குறா லா."

போனை வாங்கியது என் வகுப்பில் ஓயாமல் கேள்வி கேட்கிற பெண். மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"டீச்சர், பூசணிக்காயத் தொட்டா பூசணிக்காய்னு மட்டும் சொல்றீங்க. உள்ள எத்தன வெத இருக்குன்னு கேட்டேன், ஒண்ணும் சொல்லல. கிட்ட போயி கேட்டேன், சத்தமாவும் கேட்டேன். எம்மேல கோவமா டீச்சர்?"

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். சமையலறை வாசலில் கணவர் கரண்டியோடு நின்று என்னையே பார்த்தார். இப்போதும் நான் பேசாமல் இருந்தால், கோபம்தான் என்று அவள் முடிவு கட்டிவிடுவாள்.

"கோவம் இல்ல கண்ணு" என்றேன்.

குரல் வந்துவிட்டது. ஆனால் அது என்னுடையது இல்லை. கட்டையாக, பாதி காற்றாக, நெஞ்சுச் சளி கட்டிய யாரோ ஒரு பெரியவரின் குரல் போல இருந்தது.

அந்தப் பக்கம் மூக்குறிஞ்சல் நின்றது. பிறகு மிகவும் மரியாதையாகக் கேட்டாள்.

"அங்கிள், டீச்சர்கிட்ட போன் குடுங்களேன்."

நான்தான் டீச்சர் என்று சொல்ல வாயெடுத்தேன். இந்தக் குரலில் அதைச் சொன்னால் பிள்ளை மிரண்டுவிடும். எனக்கும் சொல்லத் துணிச்சல் வரவில்லை.

"டீச்சர் தூங்குறாங்கமா" என்றேன். "உம்மேல கோவமெல்லாம் இல்லன்னு சொல்லச் சொன்னாங்க."