நான் மட்டும் கேட்ட கான்சர்ட்டினா கச்சேரிகள்

"நடக்காத கச்சேரிக்கெல்லாம் லிஸ்ட் போட்டு வச்சிருக்கியே, இதுல ஒண்ணாவது நடக்கும்னு நெனக்கிறியாடி?" என்று என் அறைத்தோழி கேட்டாள். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவம் படித்தபோது, விடுதியில். என் உடற்கூறியல் நோட்டின் கடைசிப் பக்கங்களை அவள் புரட்டிப் பார்த்துவிட்டாள். மறுநாள் தேர்வு. நான் நோட்டை வாங்கி வைத்துக்கொண்டேன்.

அந்தப் பக்கங்களில் இருந்தவை எல்லாம் கான்சர்ட்டினா ஒலிப்பதிவுகள். யாரும் பதிவு செய்யாதவை. நானே யோசித்து, யார் வாசித்தார்கள், எங்கே வாசித்தார்கள், எத்தனை நிமிடம் என்று எழுதி வைத்தவை.

கான்சர்ட்டினா என்பது இரண்டு கைக்குள் அடங்கும் அறுகோணப் பெட்டி. நடுவில் துருத்தி, இரண்டு பக்கமும் பொத்தான்கள். எங்கள் வீட்டுக்கு அது வந்ததே தவறுதலாகத்தான். சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்த சித்தப்பா, அங்கே பழைய சாமான் கடையில் அதைப் பார்த்து, சுருதிப்பெட்டி என்று நினைத்து ஊர் பஜனைக் குழுவுக்காக வாங்கி வந்தார். குழுவினர் ஒரே ஒரு வெள்ளிக்கிழமை அதை வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

"இழுத்தா ஒரு சத்தம், அமுக்குனா ஒரு சத்தம் வருதுப்பா. கெட்டுப்போன பெட்டிய எவனோ ஒன் தலையில கட்டிட்டான்" என்றார் குழுவில் ஒருவர்.

நான் அப்போது பிளஸ் ஒன். வீட்டில் ஆங்கிலம் எழுத்துக்கூட்டாமல் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பள்ளிக்கூடத்துக்குத் தொடர்ந்து போனவளும் நான் ஒருத்திதான். சித்தப்பாவின் போனில் தேடிப் பார்த்தேன். பெட்டி கெடவில்லை. இந்த வகையை அப்படித்தான் செய்வார்களாம். ஒரே பொத்தான், இழுக்கும்போது ஒரு ஸ்வரம், அமுக்கும்போது இன்னொன்று. சித்தப்பாவிடம் சொன்னபோது அவர் முகம் தெளிந்தது. "அப்ப நீயே வச்சுக்க" என்றார். வீடியோ பார்த்து நானே கற்றுக்கொண்டேன்.

பட்டியலில் முதலில் எழுதியது பூம்புகார்ப் பதிவு. அயர்லாந்தின் மேற்குக் கரையிலிருந்து வந்த, அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண், கவிழ்த்துப்போட்ட ஃபைபர் படகின் மேல் உட்கார்ந்து வாசிக்கிறாள். அவளுக்குப் பின்னால் நான்கு பேர் வலை பின்னிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் நிமிர்ந்து பார்ப்பதில்லை. நடுவில் ஒரு படகின் மோட்டார் ஓடத் தொடங்குகிறது. அவள் அந்த மோட்டாரின் சுருதியைப் பிடித்துக்கொள்கிறாள். மழை வந்து அவள் எழுந்து போன பிறகும் பதிவு ஆறு நிமிடம் ஓடுகிறது.

தென்னாப்பிரிக்காவில் வேலை தேடி நகரத்துக்கு நடந்து போனவர்கள், நடந்துகொண்டே இதை வாசித்தார்கள் என்று எங்கோ படித்தேன். அதிலிருந்து இரண்டாவது பதிவு வந்தது. அப்படி ஒருவர் எங்கள் வாய்க்கால் கரையில் திருத்துறைப்பூண்டியை நோக்கி நடந்து போகிறார். மைக் ஒரே இடத்தில் இருக்கிறது. முதலில் எதுவும் கேட்காது. பிறகு மெல்ல வருவார், மைக்கைக் கடப்பார், தேய்ந்து போவார். ஒன்பது நிமிடம். அதில் அவர் நம் முன்னால் இருப்பது நாற்பது வினாடிதான்.

நாதஸ்வரத்தோடு ஒரு கச்சேரியும் உண்டு. நாதஸ்வரம் பக்கத்தில் இருந்தால் கான்சர்ட்டினா காதில் விழாது என்பதால், நாதஸ்வரக்காரரை அடுத்த தெருவில் நிறுத்தியிருந்தேன். தவில்காரர் மட்டும் இரண்டு தெருவுக்கும் நடந்து நடந்து அலுத்துக்கொள்வார்.

வேலை கிடைத்து, எங்கள் ஊரிலிருந்து வண்டியில் அரை மணி தூரத்தில் உள்ள கால்நடை மருந்தகத்துக்கு வந்த பிறகு, பட்டியலில் சேர்வது குறைந்துவிட்டது. சினை ஊசி, கோமாரித் தடுப்பூசி, கன்று மாட்டிக்கொண்டது என்று விடியுமுன் வரும் போன். வீட்டுக்கு வந்தால் தெருவில் யாருக்காவது ஒரு விண்ணப்பம் எழுத வேண்டியிருக்கும். முதலில் படித்தவளுக்கு வீட்டு வேலை என்று ஒன்று தனியாக இருப்பதில்லை. தெரு முழுக்க வீட்டு வேலைதான். மாட்டின் வயிற்றுக்குள் தோள் வரை கைவிட்டு அரை மணி நேரம் போராடிய கை, சாயங்காலம் துருத்தியை இழுக்க மறுக்கும். அந்த வருடம் நான் எழுதிய ஒரே கனவுப் பதிவு இது: ஒரு பெண், ஒரு நாற்காலி, ஒரு கான்சர்ட்டினா. இருபது நிமிடம் யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

இந்தச் சித்திரையில் கோயில் திருவிழாக் கமிட்டித் தலைவர் மருந்தகத்துக்கு வந்தார். அம்மா பல வருடம் நடவு நட்டது அவருடைய நிலத்தில்தான்.

"டாக்டரம்மா ஏதோ பெட்டி வாசிப்பீங்களாமே. பாட்டுக் கச்சேரிக்கு முன்னாடி ஒரு கா மணி நேரம் வாசிங்களேன். நம்ம ஊருப் பொண்ணு, பேரா இருக்கும்."

சரி என்றேன். நான் எழுதியவற்றில் எதையும் யாரும் வாசிக்கப்போவதில்லை. இந்தக் கச்சேரியை நான் வாசிக்கலாம். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. எங்கள் பக்கத்துக் கச்சேரிகளில் சுருதிப்பெட்டி போடுகிறவர் பின்னால் உட்காருவார். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. நான் அந்தப் பெட்டியைப் போன்ற ஒரு பெட்டியோடு நடுவில் உட்கார்ந்து, அதைக் கச்சேரியாகக் கேட்க வைக்க வேண்டும்.

அம்மாவிடம் சொன்னபோது, "நட்ட நடுவுலயா ஒக்காருவ?" என்றாள்.

"ஆமாம்மா."

"ஓரமா ஒக்காந்துக்கயேன். நெலத்துக்காரவங்கள்லாம் இருப்பாங்க."

"என்னைத்தானம்மா கூப்பிட்டிருக்காங்க."

அம்மா என் பட்டுப்புடவையை எடுத்து வெயிலில் போட்டாள்.

திருவிழா அன்று காலையிலேயே ஒரு பசுவுக்குக் கன்று குறுக்கே கிடந்தது. கயிறு கட்டி இழுத்தோம். கன்று பிழைத்தது. என் வலது தோள்தான் நாள் முழுக்க முனகிக்கொண்டிருந்தது. சாயங்காலம் ஆறரைக்கு மேடையேறி நடுவில் உட்கார்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டு, பூம்புகார்ப் பெண் வாசிப்பதாக நான் நினைத்திருந்த அதே மெதுவான மெட்டைத் தொடங்கினேன். ஒரு ஸ்வரம், நீளமாக. பிறகு அதற்கு மேல் இன்னொன்று.

நாலாவது நிமிடம் நெருங்கும்போது மைக்செட்காரரின் குரல் கேட்டது. "டாக்டரம்மா சுருதி சேத்துக்கிட்டு இருக்காங்க. பாடுறவங்க இப்ப வந்துருவாங்க. பெரியோர்களும் தாய்மார்களும் கொஞ்சம் பொறுத்துக்கணும்."

கண்ணைத் திறந்தேன். ஜனங்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். கோபமோ கேலியோ இல்லை, பொறுமையாகக் காத்திருந்தார்கள். நான் துருத்தியை மூடி, வார்களைக் கழற்றி, கும்பிட்டுவிட்டு இறங்கினேன். யாரும் தடுக்கவில்லை. பாடகியை அழைத்துவரப் போகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

அம்மா செருப்புகள் கிடந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். "பாடுற பொண்ணு வரலையாம்மா?" என்றாள்.

அம்மாவும் காத்திருந்திருக்கிறாள். வீட்டில் பத்து வருடமாகக் கேட்டவள். நான் வண்டியை எடுத்தேன். அம்மா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறிக்கொண்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மைக்செட்காரர் வயிறு உப்பிய ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு மருந்தகத்துக்கு வந்தார். குழாய் விட்டுக் காற்றை வெளியேற்றும் வரை ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆடு எழுந்து நின்றதும்தான் என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கு மைக்குல நான் சொன்னது தப்பாப் போச்சுங்களாம்மா? எம் பொண்டாட்டி திட்டுறா."

"நீங்க என்ன நெனச்சீங்க?"

"சுருதி சேக்குறீங்கன்னுதாங்க. மின்னாடி சேக்காம வந்துட்டீங்களே, படிச்ச புள்ளைக்கு இது தெரியாதான்னுகூட நெனச்சேன்." தலையைச் சொறிந்தார். "எல்லாம் கார்டுல பதிவாகியிருக்கு. வேணுமாங்க?"

அவருடைய போனிலிருந்து என் போனுக்கு வந்தது. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் கேட்டேன். நான் வாசித்ததாக உலகத்தில் இருக்கும் ஒரே ஒலிப்பதிவு. மூன்று நிமிடம் நாற்பது வினாடி. குழந்தை அழுகை, நாற்காலி இழுபடும் சத்தம், யாரோ "வரிசையில வாங்க" என்பது, நடுவில் என் நீண்ட ஸ்வரங்கள், பிறகு அவர் குரல்.

மூன்றாவது முறை கேட்கும்போது எனக்கே சிரிப்பு வந்தது, களைப்பான சிரிப்பு. கீழே உட்கார்ந்திருந்தால் நானும் சுருதி சேர்ப்பதாகத்தான் நினைத்திருப்பேன். எந்த ஊர்க் கச்சேரியும் அப்படித்தான் தொடங்கும்: பெட்டி இழையும், நாம் காத்திருப்போம். இதைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவள், மேடையில் மட்டும் மறந்துவிட்டேன். என் பட்டியலில் வாசிப்பவர்கள் உண்டு, கடல் உண்டு, மைக் உண்டு. கேட்பவர்களை நான் வைத்ததே இல்லை. வலை பின்னியவர்களைக்கூடக் குனிந்தபடியே உட்கார வைத்திருந்தேன்.

அதற்காக என்மேல் தவறு முழுவதையும் போட்டுக்கொள்ளவும் எனக்கு மனமில்லை. அந்த மூன்று நிமிடம் நாற்பது வினாடியில் ஒரு ஸ்வரம்கூடப் பிசகவில்லை. வலித்த தோளோடு வாசித்தது.

வியாழக்கிழமை கமிட்டித் தலைவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நிற்காமல், அவர் சொல்லுமுன் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"ஆடி வெள்ளிக்கு எனக்கு அரை மணி நேரம் வேணுங்க."

"மறுபடியுமா? பாடுறதுக்கு ஆளு சொல்லிட்டீங்களாம்மா?"

"பாட்டு கெடையாதுங்க. வாசிப்பு மட்டுந்தான். நோட்டீசுலயே அப்படிப் போடணும்."

"கா மணி நேரமே ஜனம் உக்காரல..."

"அவங்க உக்காந்துதான் இருந்தாங்க. நான்தான் எந்திரிச்சுப் போயிட்டேன்."

அவர் ஒரு தாளை என் பக்கம் தள்ளி, "எழுதிக் குடுங்க" என்றார். அங்கேயே எழுதிக் கொடுத்தேன்.

இப்போது வேகமான மெட்டு ஒன்றைப் பழகுகிறேன். முதல் மூச்சிலேயே ஓடத் தொடங்குவது. தோள் இன்னும் வலிக்கிறது. நேற்று அச்சகத்துப் பையன் நோட்டீஸ் புரூஃப் கொண்டுவந்தான். ஆறு மணி வரிசையில் என் பெயர், பக்கத்தில் 'கான்சர்ட்டினா தனிக் கச்சேரி', அரை மணி நேரம். சரி பார்த்து, கையெழுத்துப் போட்டு, அந்தப் பையனிடமே திருப்பி அனுப்பிவிட்டேன்.