வெள்ளம் என்றேன், குப்பியைக் காட்டினார்கள்

திருவனந்தபுரத்துத் தமிழ்ச் சொந்தங்களே! கல்லாற்றங்கரையில் ஓர் அபாயச் சங்கு கிடையாது. இதுவே என் குற்றச்சாட்டு.

இன்று திருவோணம். மலையாள நண்பரின் வீட்டார், விருந்தினனான என்னையும் அழைத்துக்கொண்டு, ஓணச் சோற்றோடு ஆற்றுக்கு வந்திருந்தனர்.

பொன்முடி மலையின் மேல் வானம் கறுத்திருந்தது. தெளிந்து ஓடிய நீர் மெல்லச் செம்மண் நிறமானது. நடு ஆற்றுப் பாறையில் நண்பரின் மனைவியும் மகளும் அமர்ந்திருந்தனர்.

“வெள்ளம் வருகிறது!” என்று முழங்கினேன்.

நண்பரின் மனைவி சிரித்தார். “வெள்ளம் குப்பியில உண்டு சேட்டா, எடுத்துக் குடிச்சோ!”

மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். மீண்டும் கத்தினேன். மகள் கரையிலிருந்த குப்பியைச் சுட்டிக் காட்டினாள்.

கரையோரத் தேநீர்க்கடைக்காரர் ஓடிவந்து, “மலவெள்ளம்! வேகம் கேறி வா!” என்று, மலையிலிருந்து பெருக்கு வருகிறது, விரைந்து ஏறி வாருங்கள் என மலையாளத்தில் அலறிய பிறகே இருவரும் எழுந்தனர். கரையேறித் திரும்பிப் பார்த்தபோது பாறை தெரியவில்லை.

மலையில் மழை இன்னும் நிற்கவில்லை. நாளையும் அங்கே குடும்பங்கள் இலை விரிக்கும். சங்கொலி எம்மொழியாருக்கும் புரியும். விடுமுறை முடிந்ததும் ஊராட்சி அலுவலகத்தில் மனு கொடுக்கிறேன். உடன் வருவோர் இப்போதே கீழே பெயரை எழுதுங்கள். என் தமிழைக் கேலி செய்ய வந்தவர்களும், முதலில் பெயரை எழுதிவிட்டுத் தொடங்குங்கள்!